கூரையும் சுண்ணாம்பும் வடிகாலும்: மலாயாத் தமிழர் வீடு பேணிய வரலாறு

மலேசிய, சிங்கப்பூர்த் திருக்கோயில்களின் தலவரலாறுகள் பலவும் அத்தாப்புக் கூரையிலிருந்தே தொடங்குகின்றன. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் அருள்பாலிக்கும் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827-ஆம் ஆண்டில் மரமும் அத்தாப்பும் கொண்டே எழுப்பப்பெற்றது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873-ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை அவர்களால் தோற்றுவிக்கப்பெற்றபோது அதற்கும் அத்தாப்பே கூரை. 1887-ஆம் ஆண்டில்தான் அது செங்கற் கட்டடமாயிற்று. இச்செய்திகளை அறிந்தோர் பலர். ஆயின், அத்தாப்பு ஐந்தாறு ஆண்டுகளுக்குமேல் மழையைத் தாங்காது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கோலாலம்பூர் ஆலயத்தின் முதற் பதினான்கு ஆண்டுகளில் இரண்டு மூன்று முறையேனும் அதன் கூரை மாற்றி வேயப்பட்டிருக்க வேண்டும். அக்கூரையில் ஏறியவர் யார், ஓலை சுமந்தவர் யார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஆலயம் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஒழுகிய கூரையை அடைத்தவர் பெயரைக் கல்லில் காண்பது அரிது.

கோயிலுக்கு நேர்ந்ததே குடியிருப்புக்கும் நேர்ந்தது. வெயிலும் மழையும் ஓயாத இம்மண்ணில் நம் முன்னோர் தம் வீடுகளைப் பருவந்தோறும் எவ்வாறு பேணினர், எங்கே பேண இயலாது போயினர் என்பது தனித்த வரலாறு. குடமுழுக்கு மலர்களில் திருப்பணி பற்றி நிறையப் பேசுகிறோம். அத்திருப்பணிக்கு வந்த கைகள் அன்றாடம் பழகிய வேலை எது என்பதையும் சற்றே நோக்குதல் தகும்.

இரு நாடுகள், இரு மழைகள்

தமிழகத்தில் வீடு பேணும் காலத்தை இயற்கையே வகுத்துத் தந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் பனி, தை பிறக்கும்போது ஈரம் வடிந்து சுவர் காயத் தொடங்கும். போகியன்று பழையன கழித்தலும், அதற்கு முன்பே வெள்ளையடித்து முடித்தலும் வெறும் சடங்கு அல்ல; சுண்ணாம்பு சுவரில் பிடிக்கும் பருவம் அதுவே. அதன்பின் மாசி முதல் சித்திரை வரையிலான வறண்ட மாதங்கள் கூரை பிரித்து வேய்வதற்கு உரியவை.

கப்பலேறி மலாயா வந்தவர்கள் இந்தக் கணக்கோடுதான் வந்தார்கள். வந்த இடத்தில் கணக்குப் பொய்த்தது. இங்கே மண் வெடிக்கும் கோடை இல்லை. நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களையே கடுமையாகத் தாக்கும். தமிழர் பெரிதும் குடியேறிய பேராக், சிலாங்கூர் முதலிய மேற்குக் கரைப் பகுதிகளிலோ, இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும்தான் மாலைதோறும் இடியுடன் மழை கொட்டும். தென்மேற்குப் பருவத்தில் சில நாள் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து பாய்ந்து வரும் சுமத்ராக் காற்று, ஆணி தளர்ந்த தகரத்தைப் பிய்த்தெறியும்.

தீபாவளி அந்த அக்டோபர், நவம்பர் மழைக்குள்ளேயே வந்து விழுகிறது. ஆயினும் மலாயாவில் தீபாவளியே தமிழரின் பெருநாளாகிவிட்டபடியால் வெள்ளையடிப்பும் அதன் பின்னே சென்றுவிட்டது. சுவர் காயும் பருவத்தை மட்டும் கருதினால் மேற்குக் கரைக்குப் பொங்கலே பொருத்தம். சனவரி, பிப்ரவரி மாதங்களில் கெடா, பினாங்குப் பகுதிகளில் வானம் வெளுத்திருக்கும். பண்டிகை வென்றது, சுண்ணாம்பு தோற்றது. அடித்த வெள்ளை பின்னர்ப் பச்சைப் பாசி படர்ந்து நிற்பதைப் பார்த்தும், அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் மட்டையைக் கையிலெடுத்தவர்களைக் குறைகூற மனம் வருவதில்லை. புத்தாடையும் புதுச்சுவரும் ஒன்றாக வரவேண்டும் என்பது அவர்களது நியாயம்.

அத்தாப்பும் நெருப்பும்

அத்தாப்பு என்பது நீப்பா ஓலை. ஆற்று முகத்துவாரச் சதுப்பில் வளரும் அம்மரத்தின் ஓலையைக் குச்சியின்மேல் மடித்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கிக் கட்டுவர். சரிவு செங்குத்தாக இருந்தால் நீர் தங்காது. அடுப்புப் புகை படும் கூரையில் பூச்சி குறைவு. மலாய்க்காரர்களிடமிருந்து தமிழரும் சீனரும் கற்றுக்கொண்ட இக்கூரையின்கீழ் உச்சி வெயிலிலும் உறங்கலாம். பிற்காலத்துத் தகரக் கூரைகளுக்கு அந்தப் பெருமை என்றுமே கிட்டவில்லை.

அதன் பகை நெருப்பு. 1881-ஆம் ஆண்டு சனவரியில் மூண்ட தீ கோலாலம்பூர்ப் பட்டணத்தின் பெரும்பகுதியை அழித்தது. அதே ஆண்டு திசம்பரில் வெள்ளம் வந்து எஞ்சியதையும் குலைத்தது. 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், பட்டணத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டுமாறு வற்புறுத்தினார். செங்கற் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. சிங்கப்பூரில் இவ்வேலையை அதற்கு முன்பே தொடங்கியவர் ஒரு தமிழர்: 1819-ஆம் ஆண்டில் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அவர்களே அங்கு முதற் செங்கற் சூளையை அமைத்தார், மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. எனினும் ஏழை மக்களின் கூரை மிக மெதுவாகவே மாறியது. 1961-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீயில் பரவிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அத்தாப்பு வீடுகளின் காலம் அங்கே முடியத் தொடங்கியது அந்த நாளில்தான் எனலாம்.

சாந்து குழைத்த கைகள்

செங்கற் சுவர் வந்ததும் வீடு பேணும் வேலை ஓலையிலிருந்து சுண்ணாம்புக்கு மாறியது. இத்துறையில் தமிழ்நாட்டுக் கைத்திறன் இங்கே பதித்த முத்திரையைப் போதிய அளவு நாம் போற்றவில்லை. 1825-ஆம் ஆண்டு முதல் 1873-ஆம் ஆண்டு வரை இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் சாலைகளும் கட்டடங்களும் அமைத்தனர். அவர்கள் கட்டிய செயின்ட் ஆன்ட்ரூஸ் தேவாலயம் 1861-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கைதிகளை மேற்பார்த்த மேக்நேர் என்னும் அதிகாரி பிற்காலத்தில் எழுதிய நூலில் அதன் சுவர்ப்பூச்சைப் பற்றி விரிவாகக் குறித்துள்ளார். அதன் பெயர் மதராஸ் சுண்ணம். மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் கருப்பட்டி போன்ற நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைப்பார்கள். பூசியது காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள். செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மெருகு புதியதன்று.

விலங்கு பூட்டிய கைகள் செய்த வேலை அது. அவர்களுள் விடுதலை பெற்றபின் இங்கேயே தங்கித் தொழில் செய்தவர்களும் உண்டு.

அம்மெருகு பெரிய கட்டடங்களுக்கு. எளிய வீட்டுக்கு வெள்ளையே அணி. சுட்ட சுண்ணாம்பை நீரில் போட்டுத் தாளித்து, ஆறவிட்டு, வடிகட்டி, சிறிது நீலம் கலந்து, தட்டிப் பிரித்த மட்டையால் அடிப்பார்கள். புதிய சுண்ணாம்பின் காரம் பூச்சியையும் பாசியையும் சிலகாலம் விலக்கி வைக்கும். அதைவிட முக்கியமான பண்பு ஒன்று உண்டு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைத்து வைப்பதில்லை; சுவர் உறிஞ்சிய நீர் அதனூடே ஆவியாகி வெளியேறும். ஈரக்காற்று நிறைந்த நாட்டில் இது பெரும் பேறு. இவ்வுண்மை மறக்கப்பட்டதன் விளைவைப் பழைய கட்டடங்கள் பலவற்றில் இன்று காணலாம். சுண்ணாம்பால் எழுந்த சுவரின்மேல் சிமெண்டைப் பூசி, அதன்மேல் நெகிழிச் சாயமும் அடித்தபின், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும்; உப்புப் பூத்து, சாயம் கொப்புளித்து, சாந்து பெயரும். உடனே மேலும் சிமெண்டு பூசுவார்கள். நோய்க்கு மருந்தென்று நஞ்சையே இரண்டாம் முறையும் கொடுப்பது போன்றது அது.

லயத்து வீடும் கொசுவும்

தோட்டத்தின் கதை வேறு. லயத்து வீட்டில் குடியிருந்தவனுக்கு வீடு சொந்தமில்லை. கூரை ஒழுகினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். வேலை போனால் வீடும் போயிற்று. ஆகவே, நிர்வாகம் தந்தால் சுண்ணாம்பு, தராவிட்டால் இல்லை என்ற நிலை பல தோட்டங்களில் இருந்தது. இது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசலில் பூச்செடியும் பின்புறம் முருங்கையும் வைத்து, தம் கைப்பணத்தில் பலகை மாற்றி வாழ்ந்தோர் இருந்தனர். ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. தோட்டத்து மாரியம்மன் கோயிலைத் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து தலைக்கட்டு வரி கொடுத்துப் புதுப்பித்தனர். தாம் படுத்துறங்கும் கூரைக்குக் கேட்டு நிற்க வேண்டியவர்கள், அம்மன் கூரைக்கு யாரையும் கேட்கவில்லை. தமக்கெனச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இருந்த கட்டடம் அது ஒன்றே.

லயங்களைச் சுற்றியிருந்த நிலத்தைப் பேணுவதில்தான் உயிரும் சாவும் அடங்கியிருந்தன. 1897-ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் மலேரியாவைக் கொசு பரப்புவதை நிறுவினார். 1901-ஆம் ஆண்டில் கிள்ளான் வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் காய்ச்சலால் முடங்கும் நிலைக்கு வந்ததைக் கண்டார். சதுப்பை வடித்தும் காட்டை அழித்தும் அங்கே நோயை அடக்கினார். ஆனால், அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் பெருகியது. காரணம் எளிது: மலையடிவாரத்துக் கொசு இனம் வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்டியதும் ஓடைக்கு வெயில் கிடைத்தது. ஓடைநீரை நிலத்தடிக் குழாயில் இறக்கியும், திறந்த நீரில் எண்ணெய் தெளித்தும் அதனை வெல்ல வேண்டியதாயிற்று. எண்ணெய்த் தகரத்தை முதுகில் சுமந்து, கால்வாய் கால்வாயாக நடந்தவர்கள் நம்மவர்களே. ஒரு வாரம் தவறினால் புழு கொசுவாகிவிடும். காலம் தவறாமை என்பதை இம்மக்கள் கற்றது கடிகாரத்திடம் அன்று, கொசுவிடம்.

கொசு பின்னர் இடம் மாறியது. டெங்கிக் காய்ச்சல் பினாங்கில் 1902-ஆம் ஆண்டிலேயே பதிவாயிற்று. உயிர்கொல்லும் இரத்தப்போக்கு வகை அங்கேயே 1962-இல் காணப்பட்டது. இதைப் பரப்பும் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. பூச்சாடித் தட்டும், கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் இலை அடைத்துத் தேங்கிய ஒரு கிண்ணம் நீரும் போதும். 1975-ஆம் ஆண்டில் மலேசியா இயற்றிய, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ் வீட்டுக்காரர்மீதே நடவடிக்கை எடுக்க இயலும். துரையைக் கேட்கும் காலம் போய், துரையின் பொறுப்பு தம் தலைக்கே வந்ததைப் பலர் தண்டத்தொகை கட்டியபோதுதான் உணர்ந்தனர்.

சொந்த வீடும் பொதுச் சுவரும்

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துன் சம்பந்தன் அவர்கள் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தில் தோட்டம் வாங்க வழி கண்டார். எனினும் பல்லாயிரம் குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. தோட்ட வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வலியுறுத்தியபோது, அவ்வீடுகளை விட்டுப் போனோர் தொகை பெரிது. சிங்கப்பூரில் 1964-ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளை மக்களுக்கு விற்கலாயிற்று. மலேசியாவில் மலிவு விலை அடுக்குமாடிகள் எழுந்தன.

சொந்த வீடு கிடைத்தது. ஆனால் கூரை பொதுவாயிற்று. தன் வீட்டுக் கதவுக்குள்ளே பளிங்குத் தரை போடுபவர், படிக்கட்டின் விளக்குக்கு மாதக் கட்டணம் செலுத்தத் தயங்குவதை இன்றும் காண்கிறோம். இத்தயக்கத்தின் வேர் லயத்தில் இருக்கிறது என்று கருத இடமுண்டு. மூன்று தலைமுறையாக வெளிச்சுவர் வேறொருவர் பொறுப்பாக இருந்த மக்களுக்கு, அது தம் பொறுப்பென எவரும் கற்பிக்கவில்லை. மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் பராமரிப்புக் கட்டணத்தையும், அதில் பத்து விழுக்காட்டளவு சேமநிதியையும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நகர மன்றங்கள் இப்பணியை ஏற்றன. பழைய வீடுகளில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துக் கூரைக் காரை பெயர்வதைச் சீராக்க 2007-இல் தனித் திட்டம் ஒன்றும் வந்தது.

பேணாமையின் விலை சில நேரம் ஒரே நாளில் கேட்கப்படும். 1993-ஆம் ஆண்டு திசம்பர் 11-ஆம் நாள், பல நாள் மழைக்குப் பின், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று அடியோடு சரிந்து 48 பேர் மாண்டனர். பின்புற மலைச்சரிவின் தடுப்புச் சுவர்கள் பிளந்து மண் சரிந்ததே நிகழ்ந்தது. சரிவுக்கு நீர் சேர்ந்தது எப்படி என்று ஆராய்ந்தபோது வடிகால்கள் போதாமையும் அவை பேணப்படாமையும் வெளிப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் இவை பேசப்பட்டன. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தைச் சாய்த்த நீர், முறையாக ஓடியிருந்தால் ஒரு சாக்கடை வழியே போயிருக்கும். 2021-ஆம் ஆண்டு திசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த பெருவெள்ளம் வேறு வகை. அத்தனை மழைக்கு எந்த வீட்டுக்காரரும் தனியே விடை காண இயலாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது தவறு.

வீட்டுக்காரர் கைக்கு எட்டும் வேலைகள் சிலவே. அக்டோபர் மழைக்கு முன் கூரை ஓரத்துக் கால்வாயில் இலை அகற்றுதல். தகரத்தின் ஆணி நெளிவின் மேட்டில்தான் இருக்கிறதா, பள்ளத்தில் அறையப்பட்டு நீர் கசிகிறதா எனப் பார்த்தல். மரத்தூணின் அடியில் கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா எனத் தட்டிப் பார்த்தல். பழைய வீடுகளில் கல்நார்த் தகடு இருக்குமாயின் அதைத் தேய்க்கவோ, துளைக்கவோ, உடைக்கவோ கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. அதற்கெனப் பயின்றோரையே அழைத்தல் வேண்டும்.

உழவாரம்

சைவ மரபில் பழுது பார்த்தலுக்கு ஒரு நாயனாரே உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது வாளன்று, வீணையன்று; கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரம். ஆகமமும் இதனைத் தனிமனிதர் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது, கணக்கர் மொழியில் சொன்னால், தள்ளிப்போட இயலாத பராமரிப்புத் தவணை. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் இடித்துச் சேர்த்த அட்டபந்தனம், மூர்த்தியையும் பீடத்தையும் பிணைத்து நீர் இறங்காமல் காக்கிறது. அம்மருந்து நாளடைவில் இறுகி விரிசல் காணும் என்பதை முன்னோர் அறிந்தே காலம் வகுத்தனர். பாலாலயத்தில் இறையாற்றலை எழுந்தருளச் செய்துவிட்டுத் திருப்பணி தொடங்கும் முறையும், பழுதுபார்க்கும் காலத்தில் வழிபாடு நின்றுவிடக்கூடாது என்ற முன்யோசனையே. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 2010-இலும், பின்னர் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாளிலும் குடமுழுக்குக் கண்டது.

ஆயினும் பன்னிரண்டு ஆண்டு காத்திராத வேலைகள் கோபுரத்தில் உண்டு. பறவை எச்சத்தில் வந்த அரசமர விதை, சுதைச் சிற்பத்தின் இடுக்கில் இரண்டு இலை விடும்போது கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மேலே நறுக்கிவிட்டால் அடுத்த மழைக்குள் இரு மடங்காகத் தழைக்கும். வேர் போன வழியே சாந்தைப் பெயர்த்து, வேரை முழுதும் எடுத்து, பழைய சுவர் எதனால் ஆனதோ அதே சாந்தால் அடைத்தாக வேண்டும். வேர் விரல் பருமன் ஆவதற்குள், மழை பிடிப்பதற்கு முன், சாரம் கட்டி ஏறுவோருக்கு அது அரைநாள் வேலை.